எட்டாவது குழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் கொட்டாஞ்சேனையில் எல்லோருக்கும் எண்ணத் தெரிந்திருந்தது. முந்திய வருஷம் ஈஸ்டர் ஞாயிறன்று யப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போன பிறகு, எங்கே 'டம்' என்று கேட்டாலும் சனம் மேசைக்குக் கீழே புகுந்து எண்ணத் தொடங்கியது. எண்ணி என்ன செய்வது என்பது ஒருவருக்கும் தெரியாது. எண்ணினார்கள்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் அத்தான் நோபேட் முன்பு கோப்பி மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியின் அத்திவாரத்தில் எட்டு வெடி வைத்தபோது, கேட்டது ஏழுதான் என்பதற்குத் தெரு முழுக்கச் சாட்சி இருந்தது.

அத்தான் லைசன்ஸ் உள்ள வெடிகாரர். கிட்டங்கியைத் தரைமட்டமாக்கித் திங்கட்கிழமை துறைமுகத்து வெள்ளைக்காரர்களிடம் ஒப்படைப்பதாக வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். சுவர்களைக் குத்தி இடிப்பதைக் கூலியாட்களின் இரும்பு அலவாங்கு பார்த்துக்கொண்டது. அத்திவாரம் கருங்கல்லும் சுண்ணாம்பும். அலவாங்கை அது மதிக்கவில்லை. அதற்குத்தான் அத்தான். குழி துளைத்து, டைனமைட் குச்சியை மரத்தடியால் மெல்ல உள்ளே தள்ளி, வாயைக் களிமண்ணால் அடைப்பார். திரிகளை ஒன்றைவிட ஒன்று நாலு விரல் நீளமாக வெட்டுவார். அப்போதுதான் வெடிகள் வரிசையாக வரும், எண்ணலாம். எண்ணிக்கை குறைந்தால் ஒரு குழி வெடிக்காமல் உயிரோடு கிடக்கிறது. மறுநாள் காலை வரை அதற்குக் கிட்ட ஒருவரும் போகக் கூடாது. தோண்டுவது அறவே கூடாது.

நான் கல்லூரி விடுமுறையில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது முழுநேர வேலை. இடைவேளையில் கிட்டங்கிக்கு எதிரேயிருந்த ஸஹாப்தீன் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு வந்து வேடிக்கை பார்ப்பேன். அன்றும் அங்கேதான் நின்றேன்.

"ஏழு தான் தம்பி. நான் பொய் செல்ற இல்ல," என்றார் நானா, மேசைக்குக் கீழிருந்து எழும்பியபடி.

புகை அடங்கியதும் பார்த்தோம். ஏழு இடத்தில் கல் பிளந்து கிடந்தது. கடலோரப் பக்கத்து மூலை மட்டும் அசையவில்லை. அங்கே களிமண் வாயும் கருகிய திரியின் நுனியும் அப்படியே தெரிந்தன. அத்தான் சிவப்புக் கொடியை மறுபடி நட்டார்.

"ஒண்டு வெடிக்கேல்லை. நாளைக்குக் காலமை வரைக்கும் ஆரும் உள்ளுக்குப் போகேலாது."

ஓவசியர் ஒஸ்வால்ட் வெள்ளைக் கோட்டைத் தட்டிக்கொண்டு வந்தார். கொந்தராத்துக்காரரின் வேலையை மேற்பார்ப்பவர், திங்கட்கிழமைக்கு அவர்தான் பொறுப்பு.

"லுக் ஹியர் நோபேட், வெடிக்கேல்லையோ, வைக்கேல்லையோ?"

"என்ன சொல்லுறியள்?"

"குச்சி எட்டு எடுத்தனீர். ஏழு வெடிச்சிருக்கு. மற்றதைக் களிமண்ணாலயும் திரித் துண்டாலயும் மறைச்சுப்போட்டு முகத்துவாரத்து மீன்காரருக்குக் குடுத்திட்டீர் எண்டு நான் சொன்னா?"

ஒஸ்வால்டின் யோசனையில் ஒரு சிக்கனம் இருந்தது. குழி உயிரோடு இருந்தால் ஒரு நாள் வேலை நிற்கும். அத்தான் கள்ளன் என்றால் அத்தான் மட்டும் நின்றால் போதும். முகத்துவாரத்தில் யாரோ கடலுக்குள் டைனமைட் எறிந்து மீன் பிடிப்பதும் ஊரறிந்த செய்தி. யுத்த காலத்தில் ஒரு குச்சி களவு போனால் லைசன்ஸ் மட்டும் போகாது. ஆளும் போகும்.

அத்தான் வேலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். சாப்பாட்டு நேரம்.

தருக்கப் பாடத்தில் அந்தத் தவணைப் பரீட்சையில் எனக்கு முதலாமிடம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வந்த கேட்டுக்குக் காரணம் காட்டுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர், வெள்ளிக்கிழமையானபடியால் இறைச்சியில்லை, மீன். என் சோற்றுக் கோப்பையில் விழுந்த பாரைத் துண்டைப் பிரித்தேன். நடுமுள் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சதையும் கன்றிக் கறுத்துக் கிடந்தது. வலையில் பட்ட மீனுக்கு முதுகு முறியாது. வெடியில் செத்த மீனுக்குத்தான் முறியும். இது கொழும்பில் பூனைக்கும் தெரியும்.

"அக்கா, இந்த மீன்ர முள் ஏன் முறிஞ்சிருக்கு?"

"நீ தின்ன வந்தனியோ, பிரேதப் பரிசோதனை செய்ய வந்தனியோ?" என்றாள் புளோறன்ஸ் அக்கா.

"எங்கயால வந்தது?"

"கொத்தான்தான் காலமை கொண்டு வந்தவர்," என்று அக்கா அத்தானைக் காட்டினாள்.

"அத்தான், ஆர் தந்தது?"

அத்தான் சோற்றைப் பார்த்தபடி, "ஒருத்தன்," என்றார்.

எனக்கு அந்த 'ஒருத்தன்' பிடிக்கவில்லை. பேர் உள்ளவன் பேரோடு வருவான். மீன் காலையில் வந்தது, குச்சி பதினொரு மணிக்குத்தான் குறைந்தது என்று ஒரு தடை மனத்தில் எழுந்தது. அச்சாரமாக இருக்கலாம் என்று அதையும் தாண்டினேன். அத்தான் கை கழுவப் போனபோது அவருடைய வேலைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அரிசித் தகரத்துக்குள் கை விட்டேன். திரு இருதயப் படத்துக்குப் பின்னாலும் பார்த்தேன், பல்லி இருந்தது. என்னைப் பார்த்த விதத்தில் அதற்கும் என் மேல் நல்ல அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை.

நாலு மணிக்கு ஒஸ்வால்ட் இன்ஸ்பெக்டர் தங்கையாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கையா பருத்த, மெதுவான மனிதர். குறிப்புப் புத்தகத்தை எடுத்து, எல்லோரையும் ஒரே சந்தேகத்தோடு, பாரபட்சமில்லாமல் பார்த்தார். அத்தானிடம் கேட்டார், அக்காவிடம் கேட்டார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"தம்பி படிக்கிற பிள்ளை. இந்த வீட்டில வழமைக்கு மாறா ஏதும் கண்டீரோ?"

உண்மை பேச வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் கொள்கை. கல்லூரி அதைக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

"மீன்ர நடுமுள் முறிஞ்சிருந்தது, சேர்," என்றேன்.

ஒஸ்வால்ட் கைகளைத் தேய்த்தார். இன்ஸ்பெக்டர் எழுதினார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அன்று இரவுச் சாப்பாடு இல்லை என்பது தெரிந்தது. அத்தான் சுவரில் மாட்டியிருந்த தன் லைசன்ஸை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

"நாளைக்குக் காலமை ஏழு மணிக்குக் குழியடியில சந்திப்பம்," என்றார் தங்கையா. "உள்ளுக்குக் குச்சி இருந்தா நீர் வீட்டுக்குப் போகலாம். இல்லாட்டி என்னோட வரவேணும்."

சனிக்கிழமை ஏழு மணிக்குக் கூலியாட்களெல்லாம் நானாவின் கடைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். கிட்டங்கி வாசலில், கொடிக்கு இப்பால், நாங்கள் நாலு பேர். அத்தான் துளையுளியும் சம்மட்டியும் தண்ணீர் வாளியும் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு அடி தள்ளிப் புதுக்குழி துளைப்பன்," என்றார். "அதில வெடி வைச்சா, பழையதும் சேர்ந்து போகும். முறை அதுதான்."

"நல்ல முறை!" ஒஸ்வால்ட் ஒரு அடி துள்ளினார். "இன்ஸ்பெக்டர், கேட்டீங்களோ? ரெண்டும் சேர்ந்து போனா, பழைய குழியில குச்சி இருந்ததோ களிமண் இருந்ததோ எண்டு ஆர் காணப்போறான்? அத்தாட்சியைக் கொளுத்துறதுக்கு எங்கட செலவிலயே டைனமைட் கேக்கிறார்!"

தங்கையா பென்சிலைக் காதில் செருகினார். அவர் முகத்தைப் பார்த்தால் ஒஸ்வால்ட் சொன்னது பிடித்திருந்தது. எனக்கும் நியாயமாகவே பட்டது, அதுதான் வெட்கம். பாதுகாப்பான வழியில் போனால் அத்தான் ஆயுளுக்கும் சந்தேகத்துக்குரியவர். தோண்டிக் காட்டினால் நிரபராதி, ஆனால் பெரும்பாலும் துண்டுகளாக.

"தோண்டத்தான் வேணும், நோபேட்," என்றார் தங்கையா. "வேற வழி இல்லை."

"தோண்டலாம்." அத்தான் சுவரில் சாய்ந்திருந்த அலவாங்கை எடுத்தார். ஒஸ்வால்டிடம் நீட்டினார். "வெறும் களிமண் எண்டு நீங்கள்தானே சொல்லுறியள், சேர். நாலு குத்துக் குத்தினாக் காணும். பிடியுங்கோ."

ஒஸ்வால்ட் அலவாங்கைப் பார்த்தார். "நான் ஓவசியர். அலவாங்கு பிடிக்கிறவன் இல்லை."

"ஒரு நாளைக்குப் பிடியுங்கோவன்."

"கோட்டு அழுக்காகும்."

"கழட்டித் தாங்கோ. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"எனக்கு இடுப்பில ஒரு பிடிப்பு..."

தங்கையா காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு வரி எழுதினார். ஒஸ்வால்ட் அதைக் கண்டுவிட்டார். உடனே என் பக்கம் திரும்பினார். "அவற்ற மச்சினன் நிக்கிறான்தானே! மீன் முள்ளைக் கண்டுபிடிச்ச கெட்டிக்காரன். அவன் குத்தட்டும்."

அத்தான் அலவாங்கை என் கையில் வைத்தார். கோபமில்லை, அதுதான் மோசம்.

"நீயும் நம்பேல்லைத்தானே, மச்சான். போய்ப் பார்."

நான் கொடியைத் தாண்டினேன். தருக்கப்படி பயப்பட ஒன்றுமில்லை. அத்தான் மீனுக்குக் குச்சி கொடுத்தார் என்பது என் முடிவு. முடிவு சரியென்றால் குழியில் களிமண். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு அடி வைத்தேன். ஐந்தாவது அடிக்குக் கால் வரவில்லை. தலை போ என்றது. முழங்கால் கேட்கவில்லை. முதல் நாள் மத்தியானம் முதல் அத்தானைக் கள்ளன் என்று நினைத்துக்கொண்டிருந்த என் உடம்பில், கால்கள் மட்டும் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் நம்பியிருந்தன.

அலவாங்கு நிலத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த அடிகளிலேயே திரும்பி வந்தேன்.

"உள்ளுக்கு இருக்கு, சேர்," என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

"கண்டீரோ?"

"இல்லை. ஆனா இருக்கு."

"மீன்?"

அத்தான்தான் பதில் சொன்னார். "முகத்துவாரத்துக் கரையில வாங்கினது, சேர். வெடிபட்ட மீன் எண்டு எனக்குத் தெரியாமப் போகுமோ? மலிவாக் கிடைச்சது, வெள்ளிக்கிழமை. வெடிகாரன் போய் வெடி மீன் வாங்கினான் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது."

தங்கையா தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். "நேற்று என்ர வீட்டுப் பாரைக்கும் நடுமுள் முறிஞ்சுதான் இருந்தது," என்றார். பிறகு குரலைத் தடிப்பாக்கிக்கொண்டார். "நோபேட், உம்மட முறைப்படி செய்யும். எல்லாரும் பின்னால!"

அத்தான் தனியாக உள்ளே போனார். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகச் சம்மட்டிச் சத்தம் மட்டும் கேட்டது: மெதுவாக, ஒரே அளவில், இடைக்கிடை தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு. நாங்களும் நானாவின் கடைக்குள் நெருக்கி நின்றோம். அக்கா எப்போது வந்தாளோ தெரியாது, என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சம்மட்டி நின்றது. அத்தான் நடந்து வந்தார். ஓடவில்லை, திரி வைத்துவிட்டு அவர் ஓடுவதில்லை.

வெடித்தது. நானாவின் கண்ணாடி அலுமாரியிலிருந்து மூன்று கிளாஸ் விழுந்தன.

"ஒண்டு!" என்றார் ஒஸ்வால்ட்.

"ரெண்டு சேந்து தான் போன," என்றார் நானா, மேசைக்குக் கீழிருந்து.

"ஒண்டரை," என்றான் ஒரு கூலியாள்.

தங்கையா யாரையும் கேட்கவில்லை. 'ஓவசியர் அலவாங்கு பிடிக்க மறுத்தார்' என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, புத்தகத்தை மூடினார்.

அத்தான் புழுதிக்குள் போய், மூலையெல்லாம் காலால் தட்டிப் பார்த்து, குனிந்து கல்லைப் புரட்டி, நிமிர்ந்தார்.

கிட்டங்கி வாசல் வரை வந்திருந்த ஒஸ்வால்ட் கழுத்தை நீட்டினார். "நோபேட், இனி ஆபத்தில்லையோ?"

"இல்லை. வரலாம்."

ஒஸ்வால்ட் கொடியைத் தள்ளி வைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டோடு, ஒரு கணமும் யோசிக்காமல் நேரே நடந்து உள்ளே போனார்.