சுவர் பார்த்த அந்தோணியார்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டி கிளம்புவதற்குள் ஜெயசித்ரா மூன்று தடவை இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலோரம் வெயில் அடித்தது. டிரைவருக்குப் பின்னால் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. கடைசியில் மூவர் சீட்டின் நடுவில் இடிபட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான், கோளாறு சீட்டில் இல்லை என்பது அவளுக்கே விளங்கியது.

அன்று அவளுடைய அம்மாயி இன்னாசியம்மாளுக்கு முப்பதாம் நாள் பூசை. வரதராஜன்பேட்டைக் கோவிலில் பதினோரு மணிக்கு. அது முடிந்து வீட்டில் சாப்பாடு. அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்து நான்கு வருடம் ஆகிறது. அம்மாயியை அடக்கம் செய்த அன்றுகூடக் கல்லறையோடு திரும்பிவிட்டாள். “முப்பதுக்காவது வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போடி” என்று அம்மா போனில் அழுததால்தான் இப்போது புறப்பட்டிருக்கிறாள்.

எறையூர் இந்துப் பையன் தமிழழகனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்ற நாளில், அண்ணன் அறிவழகன் வாசலை மறித்துக்கொண்டான். “கோவில்ல சாமியார் மந்திரிக்காத கலியாணம் கலியாணமே இல்ல. நீ இந்த வூட்டுப் படி ஏறாத.” அப்பா இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். ஊரும் அதற்குத் தலையாட்டியது.

ஆட்டாதது ஒரே தலை, அதுவும் ஊரிலேயே பெரிய பக்தையின் தலை. கோவில் மணி அடிக்கும் முன்பே கோவில் வாசலில் நிற்கும் இன்னாசியம்மாள், அடுத்த மாதம் முதல் வெள்ளியன்று முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் கேட்டதற்கு, ஏலாக்குறிச்சி மாதாவிடம் போகிறேன் என்றாள். போனது பேத்தி இருக்கும் பெரம்பலூருக்கு, அன்று முதல் மாதாமாதம். ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் என்று மாறி மாறி, எழுபத்தெட்டு வயதில்.

“இப்படிப் பொய் சொல்லிட்டு வரியே அம்மாயி, பாவமில்லையா?”

“பொய் எங்கடி சொன்னேன்? அரியலூர்ல பஸ் மாறயில அந்தப் பக்கம் திரும்பி ஒரு சிலுவை போட்டுட்டுத்தானே வந்தேன். மாதாவுக்குப் புரியும்.”

அப்படிப்பட்டவள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்துப்போன விரல்களால் செபமாலை உருட்டுவாள். பிரசங்கம் நீண்டால் சாமியாருக்குக் கேட்கும்படி இருமுவாள். பேத்தி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்து, “கொஞ்சம் நகந்து குந்துய்யா” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் குருத்தோலைச் சிலுவையைச் செருகியவளும் அவள்தான்.

ஒரு முதல் வெள்ளியில் ஜெயசித்ராவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை இழுத்துவிட்டது. ஓட்டமாக ஓடி வந்து பார்த்தால், அம்மாயி படியில் சுருண்டு உட்கார்ந்து மூன்றாவது செபமாலையை முடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே வீட்டுச் சாவிக்கு ஒரு ஜோடி செய்து, சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தாள்.

“நான் டூட்டியில இருந்தா வாசப்படியில காத்துக் கெடக்காத. தொறந்து உள்ள உக்காரு. தொலைச்சுடாத அம்மாயி.”

“அறுவது வருசமா இந்தச் செபமாலையே தொலையல. சாவியா தொலையப்போவுது?” அம்மாயி அந்தச் சாவியைச் சாமி சுரூபத்தை முத்துவதுபோல் முத்தி, சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அண்ணன் மூடிய வாசலை நினைத்துக் குமைந்தவளுக்கு, அந்த ஒரு முத்தம் போதுமாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் நல்ல கதைதான். போன ஆவணியிலிருந்து அம்மாயி வரவில்லை. செப்டம்பரில் கால்வலி என்றாள். அக்டோபரில் மழை என்றாள். நவம்பர் முதல் வெள்ளியும் வெறுமனே போனபோது ஜெயசித்ராவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“வர இஷ்டமில்லன்னா சொல்லிடு அம்மாயி. ஒம் பேரன் பேச்சையே கேட்டுக்க.”

“தேடிக்கிட்டு இருக்கேன்டி. கெடைச்சதும் வரேன்” என்றாள் அம்மாயி. எதைத் தேடுகிறாய் என்று ஜெயசித்ரா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சாக்குத் தேடுகிறாள் கிழவி என்று நினைத்துப் போனை வைத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் அம்மாயி தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

முப்பது நாளாக இதுதான் அரித்தது. கடைசியில் அம்மாயியும் அண்ணன் கட்சிக்குப் போய்விட்டாளா? தன்மேல் மனத்தாங்கலோடு கண்ணை மூடினாளா? ரத்தக் குப்பியில் பேர் எழுதும்போதும் இதே நினைப்பு, அடுப்பில் பால் பொங்கும்போதும் இதே நினைப்பு. இரண்டு தடவை பேர் மாற்றி எழுதி, பெரிய டெக்னீஷியனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோது, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட எழுந்து நின்றாள். கண்டக்டர் முறைத்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

பூசையில் சாமியார், “அமைதியே உருவான நம் இன்னாசியம்மாள்” என்று ஆரம்பித்தார். மண்ணுக்குள் இருக்கப்போய்த்தான் அம்மாயி இருமாமல் இருந்தாள். நற்கருணை அப்பமான நன்மையை வாங்க எல்லாரும் எழுந்து வரிசையில் போனார்கள். கோவிலில் மந்திரிக்காமல் கல்யாணம் செய்தவளுக்கு அது கிடையாது என்பதால் ஜெயசித்ரா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். வரிசையில் போன அறிவழகன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது மாடத்து அந்தோணியார்தான். மனிதர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

அது அம்மாயியின் வழக்கம். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோணியார். ஒருநாள் பொறுத்துப் பார்ப்பாள். தரவில்லை என்றால் சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவாள். பொருள் கிடைத்த பிறகு திருப்பி வைத்து, மெழுகுதிரி ஏற்றி, மன்னிப்புக் கேட்பாள். ஒருமுறை சாமியார் இதைக் கண்டித்தபோது, “நீங்க வேதம் படிச்சவரு சாமி. நான் அவரோட அறுவது வருசம் குடித்தனம் பண்ணவ” என்று வாயை அடைத்துவிட்டாள்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பிரகாசி சித்தி, ஜெயசித்ராவின் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டாள்.

“எல்லாம் ஒனக்காகத்தான்டி. நீ கோவில்ல மந்திரிச்சுக்கிட்டு நன்மை வாங்கற வரைக்கும் அவரு திரும்ப மாட்டாரு. வேண்டுனவ போயிட்டா, நெறவேறாம நாம திருப்பக்கூடாது. ஒன்னால அவ மோட்சம் போவாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடக்கா.”

ஜெயசித்ரா பாதி இலையில் எழுந்து போய் மாடத்தின் முன் நின்றாள். பழகாத இடத்தில் கட்டிய மாடுபோல் அங்கேயே சுற்றினாள்.

“அம்மா, அம்மாயி இவர எப்பத் திருப்புச்சு?”

“ஆவணி நடுவுல” என்றாள் அம்மா. “மாதா பொறந்த நாள் கொடி ஏத்தறதுக்கு முந்தி.”

“எதத் தொலைச்சுச்சு?”

“யாருக்குத் தெரியும்? கேட்டா சொல்லல. அரிசி டின்னு, பீரோ, கோழிக்கூடு ஒண்ணு விடாம கொடஞ்சுச்சு. சுருக்குப்பைய நாளைக்குப் பத்து தரம் கொட்டிப் பாக்கும். அப்பறம் வந்து இவரத் திட்டும்.”

ஜெயசித்ரா மாடத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆவணி. சுருக்குப்பை. தேடிக்கிட்டு இருக்கேன்டி.

“சாவி” என்றாள். “எங்க வூட்டுச் சாவி. நான் குடுத்த சாவி.”

தொலைத்துவிட்டேன் என்று சொல்ல அந்த ரோஷக்காரிக்கு வாய் வரவில்லை. வெறுங்கையோடு வரவும் மனம் வரவில்லை. கோபமில்லை, கட்சி மாறவில்லை. தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், கடைசி வரைக்கும். ஜெயசித்ரா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். முப்பது நாளாக வராத அழுகை.

ரசவாளியோடு பந்தியில் நின்ற அறிவழகன் வாளியை அங்கேயே வைத்தான். அறைக்குள் போனான். திரும்பி வந்து, மாடத்தில் அந்தோணியாரின் காலடியில் ஒன்றை வைத்தான். சிவப்பு நூல் கட்டிய சாவி.

“நான்தான் எடுத்தேன்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது.

“அரியலூர்ல அம்மாயி பெரம்பலூர் பஸ் ஏறுனத ஒருநாள் பாத்தேன். அப்பறம் அது சுருக்குப்பையில நம்ம வூட்டுது இல்லாத சாவி இருந்துச்சு. எடுத்துட்டேன். நான் பேசாதவகிட்ட இந்த வூட்ல யாரும் பேசக்கூடாதுன்னு ஒரு வெறி. அது தெனம் அந்தோணியாரப் புடிச்சுத் திட்டும். நான் பக்கத்துல குந்தி சாப்புட்டுக்கிட்டு இருப்பேன். நாளைக்குக் குடுத்துடலாம், நாளைக்குக் குடுத்துடலாம்னே...” ரசம் சிந்திய கையை வேட்டியில் துடைத்தான். “சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். பத்து மந்திரம் அபராதம் குடுத்தாரு. சொல்லி முடிச்சிட்டேன். ஆனா தூக்கம் வரல.”

அறையலாம் போலத்தான் இருந்தது அவளுக்கு. கையும் எழுந்தது. அதே கையை நீட்டி, “நீ திருப்பு” என்று மாடத்தைக் காட்டினாள்.

அவன் இரண்டு கையாலும் சுரூபத்தைத் திருப்பினான். முதுகெல்லாம் மெழுகுதிரிப் புகை ஏறிக் கறுத்திருந்தது. முகம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. அம்மா திரி ஏற்றினாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் முழங்காலில் விழுந்து கேட்டான். யாரிடம் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது.

அவன் எழுந்ததும் ஜெயசித்ரா சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“சாமியார் அபராதம் தீந்துச்சு. என்னோடது இருக்கு. வர்ற மொத வெள்ளி பெரம்பலூருக்கு வா. பைக்குல வரக்கூடாது. அம்மாயி மாறுன பஸ்ஸெல்லாம் மாறித்தான் வரணும். அப்பவும் எனக்குக் கோவம் தீந்திருக்காது. ஆனா நான் டூட்டியில இருந்தா வாசப்படியில காத்துக் கெடக்காத. தொறந்து உள்ள உக்காரு.”

அறிவழகன் மூடிய கையைத் திறக்காமலே நின்றான். “மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்று கேட்டான்.

“ஆறே காலுக்கு” என்றாள் அம்மா, திரியைத் தூண்டிவிட்டபடி. “அம்மாயி அதுலதான் போவும். எங்க போவுதுன்னு தெரிஞ்சுதான் நான் கொண்டுபோயி ஏத்தி வுடுவேன்.”