பார்வையாளர் பெஞ்சு

அறக்கட்டளையில் அவருக்கு வடிகட்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை செய்தவர்கள் வைத்தது. உதவி கேட்டு வருகிற எதை அவர் கையில் கொடுத்தாலும் சக்கை மேலே நின்றுவிடும், சாறு மட்டும்தான் கீழே இறங்கும் என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெயிண்ட் விற்றே பெரும் பணக்காரரான ஒருவர் கண்ணை மூடியதும், அவர் மனைவி சொத்தில் பெரும்பங்கை எடுத்துத் தொடங்கியது அந்த அறக்கட்டளை. கத்தியும் கல்லும் தூக்காமல் சமூகத்தை மாற்ற நினைக்கிறவர்களுக்கும், போலீஸ், கோர்ட்டு, ஜெயில் மூன்றையும் திருத்தப் பாடுபடுகிறவர்களுக்கும் உதவ வேண்டும் என்பது அந்த அம்மாளின் எண்ணம். எல்லோரும் அவரைத் தலைவரம்மா என்றார்கள். வடிகட்டியின் வேலை, உதவி வாங்குகிற குழுக்களை நேரில் போய்ப் பார்ப்பது, அங்கே வேலை நடக்கிறதா அல்லது வெறும் வாய்ச்சவடாலா என்று எடைபோடுவது, அடுத்த வருஷமும் கொடுக்கலாமா என்று சொல்வது.

இந்த உத்தியோகத்தில் ஒரு வினோதம் உண்டு. போகிற இடமெல்லாம் ராஜ மரியாதை. நல்ல நாற்காலி இவருக்கு, மின்விசிறி இவர் பக்கம். அரதப்பழசான ஜோக் ஒன்று வைத்திருந்தார், அதற்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் ஏன் என்று கேட்க நாதி இல்லை. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் ஒரு மாமாங்கம் ஆகிறது. மகள் வேறு நாட்டில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சாப்டீங்களாப்பா என்பாள், சாப்டேம்மா என்பார். அதற்குமேல் இரண்டு பேருக்குமே சரக்கு இருக்காது. போனை வைத்தபிறகு சோபாவில் சாய்ந்து, டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். படம் எது என்று பார்ப்பதில்லை. வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்டால் சரி.

அப்படிப்பட்டவருக்குத்தான் பெரியக்கா அறிமுகமானாள். கிட்டத்தட்ட அவர் வயதுதான், ஆனால் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. "மாமியார் வீட்டுல ரொம்ப வருஷம் குப்பை கொட்டியாச்சு சார்" என்று ஜெயிலைப் பற்றி முதல் நாளே சொல்லிச் சிரித்தாள். விடுதலையான பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவள் செய்த வேலை, கேட்டால் வேலை மாதிரியே இருக்காது. கோர்ட்டில் ஜாமீன் மனுக்களை விசாரிக்கிற அறைக்குப் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்காருவார்கள். கோஷம் கிடையாது, தட்டி கிடையாது. காலையில் உட்கார்ந்தால் கோர்ட்டு கலையும்வரை வாயைத் திறக்காமல் நீதிபதியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெஞ்சில் ஆள் இருக்கிற நாளில் நீதிபதி வழக்குக் காகிதங்களில் இரண்டு பக்கம் கூடுதலாகப் புரட்டுவார். பொய் சொல்லும்போது இன்ஸ்பெக்டருக்கு நாக்குக் குழறும். கேட்க ஆளில்லாத கைதியையும் நிமிர்ந்து பார்த்து, உன் தரப்பு என்ன என்று ஒரு வார்த்தை கேட்பார்கள்.

பார்க்கிறவர் இருந்தால் மனுஷன் வேறு ஆளாகிவிடுகிறான் என்று வடிகட்டி இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துச் சொன்னார். நன்றாகவே சொல்வார்.

விதிப்படி வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தால் போதும். இவரோ வாராவாரம் போனார். பெண்கள் எழுந்து இடம் விடுவார்கள், இவர் பெரியக்காவுக்குப் பக்கத்தில் உட்காருவார். கோர்ட்டில் பேசக் கூடாது, அதனால் பேச்சு இல்லை. அவள் பெருமூச்சு விட்டால் இவரும் விடுவார். ஒருத்தனுக்கு ஜாமீன் கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்வார்கள். பக்கத்தில் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, தனியாகக் கிடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆனபோது, கூட்டிக்கொண்டு போக யார் வருவார்கள் என்று நர்ஸ் கேட்டாள். வடிகட்டிக்கு வாயில் வந்தது பெரியக்காவின் எண்தான். அவளும் இரண்டு பெண்களோடு டாக்சியில் வந்து, மருந்து வாங்கி, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் டிவியைப் போடவில்லை.

அறக்கட்டளையில் ஒரு வழக்கம் இருந்தது. வருடாந்தரக் கூட்டத்தில், பேச்சைத் தொடங்கும் முன், ஒவ்வொருவராக எழுந்து, உதவி வாங்குகிறவர்களில் தனக்கு உறவோ சிநேகமோ உண்டா என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உண்டு என்றால் அந்தக் குழு வேறொருவர் பொறுப்புக்குப் போய்விடும். பரிமாறுகிறவன் நம்மவனாக இருந்தால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்ற கதை இங்கே நடக்கக் கூடாது என்பது தலைவரம்மாவின் சட்டம். அவரவருக்கு மைத்துனன், சின்னம்மா பிள்ளை என்று யாராவது இருப்பார்கள். வடிகட்டி மட்டும் வருஷம் தவறாமல் எழுந்து, யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்காருவார். நேர்மை என்று மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

இந்த வருஷம் அவர் எழுந்து நின்று, "எனக்கு ஒருத்தர் இருக்காங்க" என்றார்.

அறையே திரும்பிப் பார்த்தது. உறவா சிநேகமா என்று தலைவரம்மா கேட்டார். சிநேகம் என்றார், பெரியக்காவின் குழு என்றார். சொன்னபோது காது சிவந்துவிட்டது, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தோற்றான். அந்த நிமிஷமே பெரியக்காவின் குழு, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் அதிகாரிக்கு மாற்றப்பட்டது. வடிகட்டிக்குக் கவலையே இல்லை. இனி நடுவில் பணம் இல்லை, விதி இல்லை. அவள் வீட்டில் ஒரு டீகூடக் குடித்ததில்லை, வாங்கிக் குடிக்கக் கூடாது என்று விதி. இனிமேல் குடிக்கலாம். அவளை வீட்டுக்குக் கூப்பிடலாம். மனக்கோட்டை மாடிக்கு மேல் மாடியாக எழும்பியது.

மறுநாள் ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிக்கொண்டு, விடுதலையான பெண்கள் தங்கியிருந்த அந்த வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த பெரியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. புது அதிகாரி காலையிலேயே போன் செய்து, இனி நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"நாங்க என்ன தப்பு பண்ணோம் சார்?" என்றாள்.

தப்பு எதுவும் இல்லை என்று அவர் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தையும், வழக்கத்தையும், தான் எழுந்து நின்றதையும் சொன்னார். நமக்குள்ள இருக்கிற சிநேகத்தைத்தான் சொன்னேன் என்று முடித்தபோது குரல் இறங்கிப் போயிருந்தது. பெரியக்கா அவருக்கு ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"இனிமே எங்க விஷயம் உங்க கைல இல்லையா?"

"இல்ல."

"திரும்பியும் வராதே?"

"வராது."

"அப்ப சொல்லிடறேன். மனசுல வெச்சுக்காதீங்க." அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க வர்ற நாள்னாலே எங்களுக்குப் பயம். சிரிக்காதீங்கடி, தூங்காதீங்கடின்னு முந்தின நாளே எல்லார்கிட்டயும் சொல்லி வெப்பேன்."

ஆஸ்பத்திரிக்கு வந்தீர்களே என்று அவர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"கூப்பிட்டா வராம இருக்க முடியுமா சார்? அன்னிக்கு முக்கியமான விசாரணை. எங்க பெஞ்சு காலியா கெடந்துச்சு." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னாள். "நாங்க ஜட்ஜைப் பாத்துட்டு உக்காந்திருந்தோம். நீங்க எங்களைப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. எங்களைப் பாத்தா ஜட்ஜுக்கு சிநேகமா வரும்?"

ஊரெல்லாம் போய் இதே பாடத்தை நடத்தியவர் வடிகட்டி. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். பிஸ்கட் டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார். வலித்தது, நன்றாகவே வலித்தது.

"உங்களைப் பிடிக்காதுன்னு சொல்லல" என்றாள் பெரியக்கா. "பிடிக்குமா பிடிக்காதான்னு யோசிச்சுப் பாக்க எங்களுக்கு வசதி இல்ல. அவ்வளவுதான்."

எழுந்து வாசல்வரை வந்தபிறகு, கோர்ட்டுக்கு வந்து உட்காரலாமா என்று கேட்டார். கோர்ட்டு எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றாள். வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர் கவனித்தார். டீ வேண்டுமா என்றும் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டு, சாப்டீங்களாப்பா என்றாள். சாப்டேம்மா என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம், சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு வாரம் மனசோடு மல்லுக்கட்டிவிட்டு, அரைநாள் லீவு போட்டு கோர்ட்டுக்குப் போனார். பெண்கள் பெஞ்சில் இருந்தார்கள். யாரும் எழவில்லை. ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி பக்கத்தில் இருந்தவளின் காதில் எதையோ கிசுகிசுத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒருத்தி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவர்கள் யாரும் தூங்கி அவர் பார்த்ததில்லை. பெரியக்காவின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. பழக்கதோஷம், நேரே போய் அங்கே உட்கார்ந்தார்.

பெரியக்கா நீதிபதியிடமிருந்து கண்ணை எடுக்காமலே தணிந்த குரலில், "தள்ளி உக்காருங்க. இது அவ இடம்" என்றாள்.

தண்ணீர் பாட்டிலோடு குள்ளமான ஒருத்தி எதிரே வந்து நின்றாள். அவளை அவருக்குத் தெரியும். அவர் வருகிற நாளிலெல்லாம் கோர்ட்டு வாசலில் தூணோரமாக நின்றுகொண்டிருப்பவள். அவளுக்கு அங்கேதான் வேலை போலிருக்கிறது என்று நினைத்து, போகும்போதும் வரும்போதும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். பாவம், அவளும் திருப்பிச் சிரிப்பாள்.

அவர் எழுந்து பெஞ்சின் கோடிக்குப் போனார். குள்ளக்காரி உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, பாட்டிலைப் பெரியக்காவிடம் நீட்டினாள். அவள் கேட்காமலே வாங்கிக் குடித்தாள். வடிகட்டிக்கும் அடுத்த பெண்ணுக்கும் நடுவில் இரண்டு ஆள் உட்காரலாம். அவர் நீதிபதியைப் பார்த்தார். அவரை யாரும் பார்க்கவில்லை.

கோர்ட்டு கலைந்ததும் பெண்கள் பையை எடுத்துக்கொண்டு, காய்கறி வாங்கப் போவது யார் என்று தர்க்கம் செய்தபடி நடந்தார்கள். அவர் இரண்டடி பின்னால் நடந்தார். வாசல் திரும்பும் இடத்தில் பெரியக்கா நின்று, "நாளைக்குச் சீக்கிரம் ஆரம்பிச்சிடுவாங்க" என்று பின்பக்கமாகச் சொன்னாள். பின்னால் அவரும் இருந்தார், தூங்கி எழுந்த பெண்ணும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

மறுநாள் காவலாளி பூட்டைத் திறக்கும்போதே அவர் வந்து நின்றுகொண்டிருந்தார். யாருக்கு வந்திருக்கிறீர்கள் என்று காவலாளி கேட்டான். யாருக்கும் இல்லை, சும்மா உட்காரத்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தார்.