நாலு கதவும் பன்னிரண்டு பள்ளமும்

பட்டறையில் அவனுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது, அதைப் படிப்பாரில்லை. ஒரு கதவில் கீல் பதிக்க மூன்று தடவை அளப்பான். மூன்றும் ஒத்துப்போனால், எப்படி ஒத்துப்போச்சு என்று சந்தேகப்பட்டு நாலாவது தடவை அளப்பான். கேலி செய்யாத ஆளில்லை. ஆனால் கேலி செய்தவர்கள் வீட்டில் கதவு இடித்தால் அவனுக்குத்தான் போன் வரும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் வட்ட ரம்பம் அவன் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டுபோய்விட்டது. யார் தப்பு என்று ஆராய்ந்து பிரயோஜனமில்லை. ரம்பத்துக்குக் கட்டையும் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். புண் ஆறி அவன் திரும்பி வந்தபோது, பட்டறையை நடத்தும் மேஸ்திரி அவனை ஸ்டோரில் உட்காரவைத்தார். கேட்கிறவர்களுக்கு ஸ்க்ரூ, கீல், பசை, உப்புத்தாள் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோ. உக்காந்த இடத்துல சம்பளம், யாருக்குக் கிடைக்கும்?" என்றார்கள் பட்டறையில். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அதனாலேயே அவனுக்கு ஸ்க்ரூ டப்பாவைத் தூக்கி அவர்கள் தலையில் போட வேண்டும் போலிருந்தது. பதினெட்டு வருஷம் கதவு மாட்டியவன் அவன். ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து, தன் முதுகு வேறு யாருடைய முதுகாகவோ மாறிக்கொண்டு வருவது போல அவனுக்குத் தோன்றியது.

ஒரு விடுதிக்கு நாற்பது கதவு செய்ய ஆர்டர் வந்தது. கீல் பதிக்கும் வேலை அவசரத்திடம் போயிற்று. அவசரம் என்பதும் பெயரில்லை, குணம். திங்கள்கிழமை காலை அவன் ஸ்டோர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"அண்ணே, அட்டை ஏதாவது இருக்கா?"

"எதுக்கு?"

"மாதிரிக் கதவுல கீல் பள்ளம் கொஞ்சம் ஆழமாப் போச்சு. அடியில வெக்கணும்."

மில்லிமீட்டர் ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கொடுத்தான். பிறகு எழுந்து நேராக மேஸ்திரியிடம் போனான்.

"எனக்கு மேசையத் திருப்பிக் கொடுங்க, மேஸ்திரி. கீல் நான் பதிக்கறேன்."

மேஸ்திரி வரைபடத்திலிருந்து நிமிரவில்லை. "ரவுட்டர ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு அழுத்தணும். எதால பிடிப்ப?"

"அது என் கவலை."

"உன் கவலை இல்லய்யா, என் கவலை."

"சோதிச்சுப் பாத்துக்கோங்க."

மேஸ்திரிக்கும் பேச்சை வளர்க்கப் பிடிக்கவில்லை. "சரி. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள நாலு கதவு. கதவுக்கு மூணு, மொத்தம் பன்னெண்டு பள்ளம். ஒண்ணு தப்பானாலும் ஸ்டோர்தான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்."

அன்று சாயங்காலமே கட்டிலுக்கு அடியிலிருந்து, மரத்தில் பள்ளம் எடுக்கும் தன் சொந்த ரவுட்டரை இழுத்து மேசைமேல் வைத்தான். மேலே மோட்டார், கீழே வட்டமான அடித்தட்டு, இரண்டு பக்கமும் பிடி. பிடிகளை அழுத்தினால் பிட்டு என்கிற சுழலும் வெட்டலகு மரத்துக்குள் இறங்கும். விட்டால் ஸ்பிரிங் அதை மேலே தூக்கிவிடும். இடது கை பிடித்தது. வலது கையின் கட்டைவிரலும் மிச்சமிருந்த இரண்டு விரலும் பிடியைச் சுற்றின, ஆனால் அழுத்தியதும் வழுக்கின.

அவன் மனைவி தையல்காரி. பக்கத்து அறையில் யாருக்கோ சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு தோல் வார் தைச்சுக் கொடு. கையப் பிடியோட கட்டிக்கறேன்," என்றான்.

"நல்ல யோசனை. மெஷின் எங்க போனாலும் கையும் கூடவே போகும். மிச்ச மூணையும் அதுக்கே கொடுத்துட்டு வாங்க."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"உங்க வேலை, நீங்கதான் சொல்லணும். என்னக் கேட்டா, கால எடுத்தா நிக்கற மாதிரி இருக்கணும். என் மெஷின் அப்படித்தான் நிக்குது. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட என்னக் கேக்காம ஓடினதில்ல."

சொல்லிவிட்டுக் காலருக்குத் திரும்பிவிட்டாள். அவன் வெகுநேரம் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கை பிடிக்காவிட்டால் பலகை பிடிக்கட்டுமே. கையின் வேலை அழுத்துவது மட்டும் என்றால் அதற்கு உள்ளங்கை போதும். உள்ளங்கைக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் எலக்ட்ரிக் கடையில் காலால் மிதிக்கும் ஸ்விட்ச் ஒன்று வாங்கினான். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். வலது பிடியின்மேல் உள்ளங்கை நிறையும் அளவுக்கு ஒரு மர உருண்டையைக் குடைந்து மாட்டினான். பிறகு முக்கியமான வேலைக்கு வந்தான்: ப்ளைவுட்டில் ஒரு பெட்டி. நாலு பக்கமும் சுவர். அடிப்பலகையில் பிட்டு போய்வர ஒரு ஜன்னல். கதவோடு சேர்த்துக் கிளாம்ப் போட, பக்கத்தில் தொங்கும் ஒரு பலகை. ரவுட்டரின் அடித்தட்டு இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டால், சுவர் விட்ட தூரம்தான் அது நகரும். கட்டிப்போட்ட ஆடு கயிறு எட்டும் வரைக்கும்தானே மேயும்.

கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடித்தட்டின் அகலம் நூற்றைம்பது. கீலின் நீளம் நூறு. பதினெட்டு வருஷமாக அவன் கீலுக்குப் போடுவது பன்னிரண்டு மில்லிமீட்டர் பிட்டு. பிட்டு நூறு நீளத்துக்குப் பள்ளம் எடுக்க எண்பத்தெட்டு நகர்ந்தால் போதும். மிச்சம் பன்னிரண்டைப் பிட்டின் அகலமே பார்த்துக்கொள்ளும். ஆக, பெட்டியின் உள்நீளம் இருநூற்று முப்பத்தெட்டு. நாலு தடவை அளந்தான். இருநூற்று முப்பத்தெட்டேதான்.

வியாழக்கிழமை ஒரு துண்டுக் கட்டையில் பெட்டியைக் கவ்வவைத்து, பன்னிரண்டு பிட்டை மாட்டி, ஸ்விட்சை மிதித்தான். அந்தச் சத்தத்தைத் தன் கைக்கு அடியில் கேட்டு ஐந்து மாதமாகியிருந்தது. சத்தம் காதில் விழவில்லை, போன விரல்களில் விழுந்தது. இல்லாத இரண்டு விரலும் சில்லிட்டன. காலை எடுத்துவிட்டான்.

தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து, பன்னிரண்டு பிட்டைக் கழற்றிப் பத்தை மாட்டினான். சின்னப் பிட்டு, சின்னக் கடி என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"ஏன் மாத்தினீங்க?"

"இதே போதும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். போதுமா போதாதா என்று கேட்கவில்லை.

இந்தத் தடவை மிதித்ததும் காலை எடுக்கவில்லை. உருண்டையை உள்ளங்கையால் அழுத்தினான், பிட்டு இறங்கிற்று, பெட்டியின் சுவரை ஒட்டி ரவுட்டர் சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்வந்தது. காலை எடுத்தான், நின்றது. மரத்தில் சுத்தமாக ஒரு பள்ளம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினான், தூளை ஊதினான், சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில் பதினெட்டு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தான்: பள்ளத்தை அளக்காமல் விட்டான்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு முதல் கதவைப் பக்கவாட்டில் நிறுத்திப் பெட்டியைக் கவ்வவைத்தபோது, பட்டறையில் பாதிப் பேர் வேலை செய்வது போல் நடித்துக்கொண்டிருந்தார்கள். அவசரம் அதுகூட நடிக்கவில்லை, பக்கத்திலேயே வந்து நின்றான். மேஸ்திரி இரண்டு மேசை தள்ளிக் கைகட்டி நின்றார். மில்லிமீட்டர் மிதித்தான், அழுத்தினான், ஓட்டினான். பிட்டு விட்டுவைத்த வளைந்த மூலைகளை இடது கையில் உளியும் வலது உள்ளங்கையில் கொட்டாப்புளியுமாகத் தட்டிச் சதுரமாக்கினான். கீலை எடுத்து வைத்தான்.

உட்காரவில்லை. ஒரு முனை இறங்கியது, மறு முனை மேலே நின்றது. கீலைத் திருப்பி வைத்தான். அப்போதும் அப்படியே.

டேப்பை எடுத்து அளந்தான். தொண்ணூற்றெட்டு. அகலத்திலும் ஒரு மில்லிமீட்டர் குறைச்சல். அந்த நொடியே அவனுக்கு விளங்கிவிட்டது. பெட்டி பன்னிரண்டு பிட்டுக்குச் செய்தது. ரவுட்டர் வாயில் இருப்பது பத்து. காதுமடல் வரைக்கும் சூடேறியது.

மேஸ்திரி அருகில் வந்து பார்த்தார். "முதல் பள்ளமே தப்பு," என்றார் மெதுவாக. "போதும்ப்பா. ஸ்டோருக்குப் போ."

"தப்பு இல்ல, மேஸ்திரி. சின்னது."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. அதிகமா எடுத்திருந்தா அட்டை வெக்கணும், அது தப்பு." அவசரம் தலையைச் சொறிந்துகொண்டான். "எடுக்காத கட்டை தப்பு இல்ல, மிச்ச வேலை. பெட்டியும் கவ்வின இடத்துலயேதான் இருக்கு, அசையல."

"சரி, மில்லிமீட்டர் கையில ரெண்டு மில்லிமீட்டர் எப்படித் தவறிச்சு?"

ப்ளைவுட் ஈரத்தில் ஊதிவிட்டது என்று சொல்லலாம். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பொய். சொன்னால் யாரும் மறுத்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் பொய் சொல்லி வாங்கும் மேசையில் எத்தனை நாள் நிமிர்ந்து நிற்க முடியும்?

"பெட்டி பன்னெண்டு பிட்டுக்குச் செஞ்சது. நான்தான் பத்தைப் போட்டேன்," என்றான். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான், "பயமா இருந்துச்சு."

இழைப்புளிச் சத்தம் நின்றது. அந்தப் பட்டறையில் வெட்டுக்காயம் பற்றிப் பேசுவார்கள், தையல் எண்ணிக்கை சொல்லிப் பெருமையடிப்பார்கள். இந்த ஒரு வார்த்தையை இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னவனுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

மின்சார ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பத்தைக் கழற்றினான். பன்னிரண்டை மாட்டி ஸ்பானரால் முறுக்கினான். மறுபடி ஒயரைச் செருகி, பெட்டிக்குள் ரவுட்டரை உட்காரவைத்து, மிதித்தான். சத்தம் இப்போது கனமாக இருந்தது. இல்லாத விரல்கள் மறுபடி சில்லிட்டன. காலை எடு, எடு என்றது உடம்பு. அவன் எடுக்கவில்லை. உருண்டையின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். கை நடுங்கியது. பெட்டி நடுங்கவில்லை. பிட்டு சுவர் சொன்னபடி போய், விட்டுவைத்த கட்டையைச் சுற்றிலும் சீவி எடுத்துத் திரும்பி வந்தது.

மூலைகளைத் தட்டிவிட்டுக் கீலை வைத்தான். டப்பென்று உட்கார்ந்தது. நகத்தால் தடவினால் கீல் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை. குறித்தான், கவ்வவைத்தான், மிதித்தான், தட்டினான், அளந்தான். பழைய வழக்கப்படி நாலு நாலு தடவை அளந்தான். ஐந்தாவது பள்ளம் வரைக்கும் கை நடுங்கியது. ஆறாவதில் நின்றதா, நின்றதை அவன் கவனிக்கவில்லையா என்று தெரியாது. பன்னிரண்டாவது முடிந்தபோது மணி பதினொன்றே முக்கால்.

மேஸ்திரி ஒவ்வொன்றாகச் சோதித்தார். கீலை வைத்தார், எடுத்தார், திருப்பி வைத்தார். பன்னிரண்டும் உட்கார்ந்தன. கடைசியில் அவர் ப்ளைவுட் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"பெட்டி பிரமாதம். இது இருந்தா சின்னப் பிள்ளகூடக் கீல் பதிக்கும். அவசரம், நீ எடுத்துக்கோ. மிச்சம் முப்பத்தாறையும் நீயே முடிச்சுடு." மில்லிமீட்டர் பக்கம் திரும்பாமலே, "நீ ஸ்டோர்ல உக்காந்து இதே மாதிரி வேற பெட்டி செஞ்சு கொடு," என்றார்.

அவசரம் பெட்டியை வாங்கக் கை நீட்டவில்லை. மில்லிமீட்டருக்குத் தலைக்குமேல் கோபம் வந்தது. கத்தியிருப்பான். ஆனால் குரல் அவனே எதிர்பாராதபடி தணிந்து வந்தது.

"நான் பெட்டிக்கு மேசை கேக்கல, மேஸ்திரி. எனக்குக் கேட்டேன்."

மேஸ்திரி பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நாலு கதவு, பன்னெண்டு பள்ளம்னீங்க. பேச்சு பேச்சா இருக்கணும்."

"பேச்சுக்கு என்னய்யா!" என்று வெடித்தார் மேஸ்திரி. "அன்னிக்கு ஓடி வந்து ரம்பத்த நிறுத்தினது நான். துணியச் சுத்தினது நான். நீ மயங்கிட்ட, உனக்கென்ன? எனக்கு மயக்கம் வரல. எல்லாத்தையும் பாத்தேன். இன்னிக்கு நீ மிதிக்கற ஒவ்வொரு தடவையும் இங்க நின்னு..." முடிக்காமல் பெட்டியை மேசைமேல் வைத்தார். "நீ பயம்னு சொன்னியே, எனக்கு இன்னும் போகல. போதுமா?"

ஸ்டோருக்குப் போன நாளிலிருந்து, இனி எதற்கும் லாயக்கில்லை என்றுதான் இந்த மனிதர் தன்னை ஸ்டோரில் அடைத்திருக்கிறார் என்று மில்லிமீட்டர் நினைத்திருந்தான். படுக்கும்போதெல்லாம் அவரை மனதுக்குள் திட்டியிருந்தான். திட்டியது அத்தனையும் இப்போது திரும்பி வந்து அவன்மேலேயே விழுந்தது.

"எனக்கும் போகல, மேஸ்திரி," என்றான். "நீங்க பயந்துக்கிட்டே நில்லுங்க. நான் பயந்துக்கிட்டே பள்ளம் எடுக்கறேன். முப்பத்தாறு கதவு கெடக்கு."

மேஸ்திரி முதல் தடவையாக அவனுடைய வலது கையை நேராகப் பார்த்தார். மூன்று விரலையும், இரண்டு விரல் இருந்த இடத்தையும் பார்த்தார். பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த ஐந்தாவது கதவிடம் போய்க் குனிந்து ஒரு முனையைத் தூக்கினார்.

"அந்தப் பக்கம் பிடி," என்றார்.