மூன்றாவது சிலிண்டர்

அந்தப் பழைய ஜீப் பட்டறைக்குள் நுழைந்ததும் நீலப் புகையும் கூடவே நுழைந்து கூரை வரை ஏறியது. ஓட்டி வந்தவள் தங்கை. புருஷன் செத்து மூன்று மாதம் ஆகிறது. எட்டு வருடமாக அண்ணன் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், இறங்கி வந்து சாவியை நீட்டினாள்.

"வாரம் ஒரு லிட்டர் ஆயில் குடிக்குது அண்ணே. அவர் ஊத்தி ஊத்தி ஓட்டினார். என்னால ஆகாது. என்னன்னு பாரு."

அண்ணனை எல்லோரும் கறார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற ஆள்தான். அவரும் தங்கை புருஷனும் கூட்டாகப் பட்டறை நடத்திய காலத்தில், அப்போது வேறொருவருடையதாக இருந்த இதே ஜீப்பின் எஞ்சினைப் பிரித்துக் கட்டினார்கள். முக்கால்வாசி வேலை மாப்பிள்ளையுடையது. ஒரே மாதத்தில் வண்டி புகை கக்கிக்கொண்டு திரும்பி வந்தது. "ரிங் மாட்டத் தெரியாத ஆளோட மாரடிக்கிறேன்" என்று, வண்டிக்காரர் முன்னாலேயே கறார் வாய்க்கு வந்தபடி ஏசினார். பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று தோன்றியதா? ம்ஹூம். கோபம் வந்தால் மனுஷனுக்குக் கண் மண் தெரியாது. மாப்பிள்ளை அந்த ஜீப்பைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதோடு கூட்டு முறிந்தது, உறவும் முறிந்தது.

இன்றாவது தன் பக்கம்தான் நியாயம் என்று தெரிந்துவிட வேண்டும். கறாரின் மனசு அதற்குத்தான் கிடந்து அடித்துக்கொண்டது. செத்த மனுஷனை ஜெயித்து என்ன ஆகப்போகிறதோ.

எஞ்சினை முடுக்கிப் பார்த்தார். வால்வுக் கோளாறு என்றால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போதுதான் புகை குபீரென்று வரும். இதுவோ மிதிக்க மிதிக்க வந்தது. சந்தேகமே இல்லை, பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்தான். பிளக்குகளைக் கழற்றினார். நான்கில் மூன்று காய்ந்து பழுப்பாக இருந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் எண்ணெய்க் கறுப்பு. அதற்கடியில் ஒரு சின்ன நீட்டுக்குழாய் வேறு. எண்ணெய் அடித்து பிளக் அணையாமல் இருக்க மாட்டுவது அது. எந்த சிலிண்டர் எண்ணெய் குடிக்கிறது என்று தெரிந்தவர்தான் மாட்டியிருக்க முடியும்.

"தெரிஞ்சும் ஏன் பிரிக்கல உன் வீட்டுக்காரர்?"

"எத்தனையோ தடவை கேட்டேன். பிரிக்க வேணாம், ஓடுற வரைக்கும் ஓடட்டும்னுட்டார்."

மறுநாள் தங்கை பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கறார் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கி, கீழே எண்ணெய்த் தொட்டியை இறக்கினார். உள்ளே பிஸ்டன் ராடுகளின் மூடிகள் தெரிந்தன. மற்ற மூன்று மூடிகளில், மாட்டியவர் அடையாளமாக மாப்பிள்ளை கிழிக்கும் கோடு. மூன்றாவது சிலிண்டருடையதில் மட்டும் கூர்முனை உளியால் தட்டிய இரண்டு புள்ளி.

புள்ளி வைப்பது கறாரின் வழக்கம்.

புள்ளிகளை விரலால் துடைத்துப் பார்த்தார். எஞ்சின் கட்டிய அன்று மதியம் மாப்பிள்ளை தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். சும்மா இருக்க முடியாமல் மூன்றாவதை இவரே மாட்டினார். அதை மறந்தாரா, மறப்பது வசதியாக இருந்ததா, அது அவருக்கே வெளிச்சம். பிஸ்டனை வெளியே தள்ளினார். இரண்டாவது ரிங்கில் மேல்பக்கம் என்று குறியிட்ட முகம் கீழே பார்த்தது. எண்ணெயைக் கீழே வழிக்க வேண்டிய ரிங், எட்டு வருடமாக மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"என்ன அண்ணே?"

தேய்ந்துபோச்சு என்று சொல்லிவிடலாம். அவளுக்கு என்ன தெரியும்? வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ரிங் தலைகீழா இருக்கு," என்றார். "மூணாவது நான் மாட்டினது. தப்பு என்னுது. மாப்பிள்ளைக்கு அது தெரிஞ்சிருக்கு."

தங்கை முக்காலியை விட்டு எழுந்தாள்.

"நான் அவரைப் பிடுங்கி எடுத்தேன் அண்ணே. உங்களால எனக்குப் பொறந்த வீடே இல்லாம போச்சுன்னு. போய் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளுங்கன்னு. போன வருஷம் ஒருநாள் போயிட்டு வர்றேன்னு கிளம்பினார். வந்தாரா?"

"வந்தார்."

"கேட்டாரா?"

"கேட்டார். தப்பு என்னுதுதான் மச்சான், மனசுல வச்சுக்காதீங்கன்னார்."

"நீ என்ன சொன்ன?"

கறார் ரிங்கைக் கழற்றித் துணிமேல் வைத்தார்.

"லாரிக்கு அடியில படுத்திருந்தேன். வெளிய வரல. பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுன்னேன்," என்றார். "எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டார்."