பரிசீலனை சாரின் ஒரே சாதனை

முப்பத்துமூன்று வருட அரசுப் பணியில் செயலர் ஒரு கோப்பைக்கூடத் தாமதப்படுத்தியதில்லை. வந்த வேகத்தில் "பரிசீலிக்கலாம்" என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார். யார் பரிசீலிக்க வேண்டும் என்பதை மட்டும் எழுத மாட்டார். அலுவலகத்தில் அவருக்குப் "பரிசீலனை சார்" என்று பெயர். அது காதில் விழுந்தபோதும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

இப்போது தலைமைச் செயலர் நாற்காலி காலியாகிறது. போட்டியில் மூன்று பேர். அவர் ஓய்வுபெற இரண்டு வருடமே பாக்கி; இந்த முறை கை நழுவினால் இனி கிடையாது. வந்த விண்ணப்பப் படிவத்தை மளமளவென்று நிரப்பிக்கொண்டே போனவரின் பேனா ஏழாம் கட்டத்தில் நின்றது. "தாங்கள் எடுத்த முடிவால் மக்களுக்குக் கிடைத்த பயன் ஒன்றைக் குறிப்பிடுக."

"ஒண்ணே ஒண்ணு போதுமாம்மா?" என்றார்.

இருபது வருடமாக அவர் சொல்வதை எழுதிவரும் சுருக்கெழுத்தாளர் அம்மா நிமிரவில்லை. "முதல்ல அந்த ஒண்ணு கிடைக்கட்டும் சார்."

இரண்டு நாள் பழைய கோப்புகளைத் தூசி தட்டினார்கள். மூன்றாம் நாள் அகப்பட்டது: ஒரு கால்வாய் மேல் நடைபாலம். அவர் சின்ன அதிகாரியாக இருந்த காலம். குறிப்புத் தாளில் இடது ஓரம் கையெழுத்திட்டால் 'பார்த்தேன், மேலே அனுப்புகிறேன்' என்று பொருள். வலது ஓரம் என்றால் 'ஒப்புதல்'. அன்று அவருக்குக் கடும் காய்ச்சல். வலது ஓரத்தில் போட்டுவிட்டார். விஷயம் தெரிவதற்குள் பொறியாளர் தூண்களை எழுப்பிவிட்டார். ஒப்புதல் தர உமக்கு என்ன அதிகாரம் என்று தணிக்கைக்காரர்கள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் போகவில்லை.

செயலர் காரை எடுக்கச் சொன்னார். சுருக்கெழுத்தாளர் அம்மாவும் ஏறிக்கொண்டார்.

பாலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள். ஒருத்தி தையல் மெஷினைத் தலையில் வைத்து நடந்தாள். பாலத்தடியில் சைக்கிள் கடைக்காரர் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதைக் கட்டினது யாருங்க?"

"யாரோ ஒரு மகராசன். இது இல்லைன்னா நாலு மைல் சுத்தணும். என் பொண்டாட்டிக்கு வலி எடுத்த அன்னைக்கு இது மேலதான் தூக்கிக்கிட்டு ஓடினேன். ஆமா, நீங்க எதுக்குக் கேக்கறீங்க? இடிக்கப் போறீங்களா?"

"சேச்சே, சும்மா பார்க்க வந்தேன்."

'அந்த மகராசன் நான்தான்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. கைப்பிடிச் சுவரை இரண்டு முறை தடவினார்.

திரும்பும்போது காரில் அந்த அம்மா கேட்டார். "எழுதிடலாமா சார்?"

"எழுதினா அந்தத் தணிக்கைக் கேள்வி?"

"கூடவே கிளம்பி வரும்."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அலுவலகக் கதை எதையும் அவள் முழுதாகக் கேட்டதில்லை. அன்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எழுதுங்க. பதவி வந்தா வருது, போனா போகுது. உங்களால ஊருக்கு ஒரு நல்லது நடந்திருக்குன்னு நானும் நாலு பேர்கிட்ட வாய் நிறையச் சொல்லிக்குவேன்ல?"

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஏழாம் கட்டத்தில் அழகான எழுத்தில் எழுதினார்: "என் பணிக்காலத்தில் சர்ச்சைக்குரிய முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை."

மற்ற இருவரும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் கட்டிய மருத்துவமனையால் ஓர் அமைச்சருக்கு வருத்தம். இன்னொருவர் அகற்றிய ஆக்கிரமிப்பால் மூன்று அமைச்சர்களுக்கு வருத்தம். பரிசீலனை சார்மேல் யாருக்கும் எந்த வருத்தமும் இல்லை. ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது.

வீடு முழுக்கப் பூங்கொத்து. தொலைபேசி ஓயவில்லை. கூட்டம் கலைந்ததும் மனைவி கேட்டாள். "அப்ப பாலத்தைப் பார்த்துத்தான் குடுத்தாங்களா?"

"அதை எழுதலை."

அவள் அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல, "ரொம்ப சந்தோஷங்க, வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு, வாடத் தொடங்கிய பூங்கொத்துகளை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.