காலியாக இருக்க வேண்டிய வரி

...இல்லை, புரோகிராமை இவள் தப்பாகத்தான் எழுதியிருப்பாள், கமா ஒன்று எங்கேயோ இடம் மாறியிருக்கும், இல்லாவிட்டால் அம்மா காலையில் சமையலறையில் எப்படி நடமாடுவாள், இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் கட்டிலோடு கிடப்பவள்... அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள், கேட்கவும் ஆளில்லை. அம்மா உருண்டு விழுந்தாலும் தெரியட்டும் என்று போன வாரம் இவள்தான் சமையலறை உட்பட அறைக்கு ஒன்றாகச் சின்னப் பெட்டிகள் மாட்டினாள், ஆள் அசைந்தால் அவை எண்ணிக்கொள்ளும். சமையலறைப் பெட்டியின் ஒவ்வொரு நாள் கணக்கையும் இங்கிருந்தே கறுப்புத் திரையில் வரவழைத்தாள், அதில் படம் வராது, எழுத்து மட்டும்தான், அதனால் மணிக்கு ஒரு வரி, அசைவுக்கு ஒரு நட்சத்திரக் குறி என்று வரைபடம் போட்டாள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு உடனே போய்விடும் வேலைக்கார அக்காவுக்காகச் சில குறிகள் விழும், மற்ற வரியெல்லாம் காலியாக இருக்கும் என்று நினைத்தாள். ஒன்பதரைக்கு இவள் கதவைப் பூட்டுகிறாள், பத்து மணி வரியில் நட்சத்திரங்கள் திரையின் விளிம்புவரை ஓடுகின்றன! தூக்கிவாரிப் போட்டது. திருடனா? எந்தத் திருடன் வேலைக்கு வருகிற மாதிரி தினமும் பத்து மணிக்கு ஆஜராவான், சாயங்காலம் இவள் வண்டிச் சத்தம் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒழுங்காக அடங்கிப்போவான்?

அடிப்பாவி அம்மா... நடக்கிறாயா? எத்தனை நாளாக? இன்று காலையில்கூடத் தூக்கி உட்காரவைத்தபோது, "மெதுவாடி, உயிர் போகுது" என்று முனகினாளே, அந்த முனகலுக்குப் பயந்து மூச்சைப் பிடித்துத் தூக்கித் தூக்கி இவள் முதுகல்லவா போயிற்று! சமையலறையில் டப்பாக்கள் இடம் மாறியிருந்ததற்கு இவள் அந்த அக்காமேல் எரிந்து விழுந்தாளே, பாவம். வெளிநாட்டு வேலையை இரண்டு தடவை வேண்டாம் என்றாயிற்று, இன்று சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும், கடைசித் தடவை என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார், எல்லாம் யாருக்காக? கேட்டுவிடலாம், இப்போதே, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி... கை போனை எடுத்துவிட்டது. என்னம்மா பண்றே என்று மட்டும்தான் வாயில் வந்தது. "என்னத்தப் பண்றது, போட்ட இடத்துல கிடக்கேன். நீ சாப்பிட்டியா?" பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மணி வரியில் ஒரு நட்சத்திரம் கூடியது, பக்கத்தில் இன்னொன்று, ஐயோ, நடந்துகொண்டே பேசுகிறாள், மூச்சுகூட வாங்கவில்லை. "ம்... சாப்பிடுறேன்மா" என்று வைத்துவிட்டாள்.

ஏன் கேட்கவில்லை? நான் போய்விடுவேன் என்று பயந்துதானே படுத்துக்கொண்டாய் என்று கேட்க எவ்வளவு நேரமாகும், நடக்கிறாள் என்றால் சந்தோஷம்தானே படவேண்டும், இனி பெட்டியைக் கட்டவேண்டியதுதானே, தெரியாத ஊர், தெரியாத மனிதர்கள், தனியாக ஓர் அறை, ராத்திரி பூட்டைத் தானே இழுத்துப் பார்க்கவேண்டும்... அந்த நினைப்பை அதற்குமேல் ஓடவிடாமல் நிறுத்தினாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய மேனேஜர் கை ஈரத்தைத் துடைத்தபடி அவள் மேசையருகே நின்றார், என்னம்மா முடிவு பண்ணே என்றார். அவள் கை தானாகத் திரையை மூடியது. "எப்படி சார் போறது? அம்மாவால எழுந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க முடியாது." குரல் பிசிறவே இல்லை. பாவம்மா நீ என்று அவர் நகர்ந்துவிட்டார். அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. நடக்கிற அம்மாவை இப்போது கட்டிலில் கிடத்தியது யார்... அப்படியானால் இத்தனை மாதமும் போகாமல் இருந்தது அம்மாவுக்காகத்தானா?