இணைப்பில் இருந்தவள்

இணையக் கம்பியை மாற்றியவர் போனதும் கைப்பேசியில் இணையம் வந்துவிட்டது. கணினியில் மட்டும் வரவில்லை. இணைந்துவிட்டதாக மூலையில் குறி காட்டியது, ஆனால் எதைத் தொட்டாலும் வெள்ளைத் திரைதான். பழைய நிறுவனம் கடையைக் கட்டிவிட, புதிதாக ஒன்று வந்து வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு அவள் கணவருக்குக் கணினி வழியே பேச்சுப் பயிற்சி. லிஃப்ட் மெக்கானிக்காக ஊரையே ஏற்றி இறக்கியவர். பக்கவாதத்துக்குப் பிறகு வாயில் ஒரு சொல் முழுதாக வருவதில்லை. ஆசிரியையின் உதடு குவிவதையும் நாக்கு மடிவதையும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கைப்பேசியின் உள்ளங்கைத் திரையில் அது தெரியாது. இணைப்பு மாறிய குளறுபடியில் போன வாரமும் வகுப்பு இல்லை. அதிலிருந்து அவர் வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

பல் மருத்துவமனை வரவேற்பு மேசை வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லி வந்தவள், புதிய நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கம்ப்யூட்டர்ல விண்டோஸா மேடம்?" ஒரு பெண் குரல்.

"இல்லைங்க, லினக்ஸ். வீட்டுக்காரர் போட்டு வெச்சது."

"அதுக்கு நாங்க உதவி பண்றதில்ல மேடம். எனக்கும் அது தெரியாது."

அவள் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். கெஞ்ச நினைக்கவில்லை, குரல்தான் தானாக உடைந்தது.

"சரி, வெச்சிடாதீங்க. திரையில இருக்கறத படிங்க. ரெண்டு பேருமா தேடுவோம்."

ரவுட்டரை அணைத்துப் போட்டாள், கணினியையும்தான். பிறகு அமைப்புகளுக்குள் புகுந்து ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் "ப... ப..." என்று அவள் முழங்கையைத் தட்டினார்.

"கொஞ்சம் சும்மா இருங்க. பாத்துட்டுதானே இருக்கேன்!"

"மேடம், பக்கத்துல சாரா?" என்றது குரல். "ரொம்ப நேரமா ஏதோ சொல்ல வர்றாரு. சொல்லட்டுமே. நான் இருக்கேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. எப்போதும் அவர் பாதி சொல்லும்போதே மீதியை இவளே முடித்துவிடுவாள். இப்போது இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். அவர் நெற்றி நரம்பு புடைத்தது.

"பழ... சு."

இடதுகை விரல் திரையில் டிஎன்எஸ் என்ற சொல்லுக்கு எதிரே இருந்த எண்களில் போய் நின்றது.

"பழைய கம்பெனி நம்பரா?" மறுமுனைக் குரல் துள்ளியது. "தளத்தோட பேரச் சொன்னா இடத்தக் காட்டுறது அதுதான் மேடம். அங்க இப்ப பதில் சொல்ல ஆளே இல்லையே! அழிச்சிட்டு, தானா எடுத்துக்கற மாதிரி விடுங்க."

அழித்தாள். வைஃபையை அணைத்துப் போட்டாள். வெள்ளைத் திரையில் எழுத்தும் படமுமாக நிறைந்தது.

"வந்துடுச்சுங்க! நீங்க நல்லா இருக்கணும்மா."

"கண்டுபிடிச்சது சார்தானே மேடம்."

உதவி செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்ட இடத்தில் முகம் தெரியாத ஒருத்தி காது கொடுத்திருக்கிறாள். இவள் வகுப்புக்கான இணைப்பைத் தட்டினாள். ஆசிரியையின் முகம் திரையை நிறைத்தது. "வணக்கம் சார், ஆரம்பிக்கலாமா?"

அவர் கையை உயர்த்தி ஆசிரியையை நிறுத்தினார். அழைப்பு துண்டிக்கப்படாமல் மேசையில் கிடந்த கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, நன்றி சொல்ல உதடுகளைத் திறந்தார். மறுமுனையில் வேறு யார் யாரோ யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒருத்தி மட்டும் பேசாமல் காத்திருந்தாள்.